குன்னூர் சரிவும் ஒரு குட்டி மோட்டாரும்

மலையில கார் வச்சிருக்கிறவங்க டிக்கியைத் திறந்து பாருங்க. ஸ்டெப்னி, ஜாக்கி, பக்கத்துல ஒரு கல்லு. வண்டியை நிறுத்து, ஹேண்ட் பிரேக் போடு, கியர்ல விடு, டயருக்குக் கல்லு வை. குன்னூர், கோத்தகிரி பக்கம் இதுதான் பழக்கம். சமவெளியிலிருந்து வர்ற நண்பர்கள் சிரிப்பாங்க: "ஸ்விட்சை இழுத்தாலே பிரேக் விழுற காலத்துல கல்லு எதுக்குடா?"

நியாயமான கேள்விதான். அந்த ஸ்விட்சுக்கு மறுமுனையில இருக்கிற பொருளை எங்க வீட்டு வாசல்லயே வச்சு கழட்டினப்போ எனக்குப் பதில் கிடைச்சது.

முதல்ல அது என்னன்னு பார்ப்போம். பழைய ஹேண்ட் பிரேக்கில் லிவரைத் தூக்கினால் ஒரு கேபிள் போய் பின் பிரேக்கை இழுக்கும். இப்போ பல வண்டிகளில் வர்ற எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கில் அந்த கேபிள் இல்லை. பின் சக்கரம் ரெண்டுலயும் கேலிப்பரின் முதுகில் உள்ளங்கை அளவு பெட்டி ஒன்று ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுதான் ஆக்சுவேட்டர். உள்ளே ஒரு 12 வோல்ட் டி.சி. மோட்டார், கூடவே வேகத்தைக் குறைச்சு டார்க்கைக் கூட்டுற கியர்கள். அது கேலிப்பருக்குள்ள இருக்கிற ஸ்க்ரூவைத் திருப்பும். ஸ்க்ரூ மேல இருக்கிற நட் நகர்ந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பிரேக் பேடை டிஸ்க் மேல அழுத்திப் பிடிக்கும்.

போன மழைக்காலத்துல எங்க வண்டியின் இடது பின் சக்கரம் விடவே இல்லை. ஸ்விட்சை அழுத்தினா வலது பக்கம் மோட்டார் சத்தம் கேட்டது, இடது பக்கம் அமைதி. டாஷ்போர்டுல மஞ்சள் விளக்கு. சர்வீஸ் சென்டர் இருக்கிறது கோயம்புத்தூர்ல. சக்கரம் லாக் ஆன வண்டியை லாரியில ஏத்தி மலை இறக்கினா வாடகையே பெரிய தொகை. "நாலு வருஷம் படிச்சதுக்கு இதையாவது பாரு"ன்னு அப்பா சொல்லிட்டார். பக்கத்து ஒர்க்‌ஷாப் அண்ணன் துணைக்கு வந்தார்.

இந்த மாதிரி வேலைக்கு எந்த மேனுவலும் முதல் வரியில சொல்றது, வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள் என்று. எங்க ஊர்ல சமதளம் தேடுறதே தனி வேலை. வண்டி நின்னது வாசல்ல கான்கிரீட் போட்ட இடத்துல. அதுவும் லேசான சரிவு. அந்த கான்கிரீட் முடியுற இடத்துக்குக் கீழே அடுத்த வீட்டு தகரக் கூரை. உள்ளே ஆட்கள் இருக்காங்க. அதனால அண்ணன் ஸ்பேனரை வெளியவே எடுக்கலை. முதல்ல முன் சக்கரம் ரெண்டுக்கும் பள்ளத்துப் பக்கம் கல்லு. கியர்ல விட்டோம். நல்லா இருந்த வலது பக்க பிரேக்கை வேணும்னே போட்டே வச்சோம்.

அடுத்து மல்டிமீட்டர். இடது பக்க கனெக்டரைக் கழட்டி, அப்பாவை ஸ்விட்ச் போடச் சொல்லி வோல்டேஜ் பார்த்தோம். சரியா வந்தது. அப்போ ஒயர் நல்லா இருக்கு, மோட்டார்தான் போச்சு. இந்த அஞ்சு நிமிஷத்தைத் தவிர்க்காதீங்க. பிரச்சினை ஒயர்ல இருந்தா புது ஆக்சுவேட்டர் வாங்கி மாட்டினாலும் சக்கரம் விடாது.

வலது பக்க பிரேக்கைத் திரும்பப் போட்டுட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழட்டினோம். நாம கை வச்சிருக்கும்போது வண்டி தானா பிரேக்கை இயக்கிடக் கூடாது. ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, வீலைக் கழட்டினால் பெட்டி கண்ணுக்குத் தெரியும். அதைப் பிடிச்சிருக்கிறது ரெண்டே ரெண்டு திருகு. அதை எடுத்து, லேசா அசைச்சு இழுத்தால் கையோட வந்துடும். பிரேக் ஆயில் ஒரு சொட்டு கூட வராது, ஏன்னா ஆயில் இருக்கிற பகுதியை நாம திறக்கவே இல்லை. பழைய பெட்டியின் ஓ-ரிங் நசுங்கி இருந்தது, உள்ளே துரு. மலை மழைக்கு அந்தச் சின்ன ரப்பர் வளையம்தான் கதவு.

இப்போ முக்கியமான விஷயம். மோட்டார் என் கையில, ஒயர் தொங்குது, பேட்டரியும் இல்லை. ஆனா சக்கரம் இன்னும் அசையலை. எது பிடிச்சிருக்கு?

பவர் ஸ்க்ரூ பாடம் ஞாபகம் இருக்கா? உராய்வுக் கோணம் மரையின் லீட் கோணத்தை விட அதிகமா இருந்தா, எவ்வளவு அழுத்தினாலும் நட் தானா பின்னால ஓடாது. செல்ஃப் லாக்கிங். அப்படிப்பட்ட ஸ்க்ரூவின் எஃபிசியன்சி 50 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கும்னு பரீட்சையில எழுதியிருப்போம். எழுதும்போது அது ஒரு குறை மாதிரி தோணும். வாசல்ல உட்கார்ந்து பார்த்தப்போ, அந்தக் 'குறை'தான் வண்டியைக் கூரை மேல விடாம பிடிச்சிருந்தது. பெரும்பாலான எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக்கில் பிரேக் போடவும் எடுக்கவும் மட்டும்தான் கரண்ட். ராத்திரி முழுக்கப் பிடிச்சிருக்கிறது உராய்வு.

ஸ்க்ரூவின் தலையில பொருந்துற பிட்டைப் போட்டு, மேனுவல் சொன்ன பக்கம் கையால திருப்பினோம். ஒரு இடத்துல பிடி விட்டு, டிஸ்க் சுத்த ஆரம்பிச்சது. அந்த நொடியில அந்தச் சக்கரத்துக்கு பார்க்கிங் பிரேக் என்று ஒன்று இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நம்ம மலை ரயில் பாதையின் செங்குத்தான பகுதியில் சரிவு சுமார் 12.5-க்கு 1. அதே சரிவில் 1,200 கிலோ கார் நின்னா, கீழே இழுக்கிற விசை சுமார் 96 கிலோ எடைக்குச் சமம். ஒரு ஆள் தள்ளி நிறுத்திடலாம்னு நினைக்காதீங்க. 1899-ல் குன்னூர் வரை வந்த அந்த ரயில்ல இன்ஜின் பிரேக் மட்டும் போதும்னு விடலை. பெட்டிகளிலும் பிரேக்மேன் நிற்கிறார். ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்கணும்.

அஞ்சு நாள் கழிச்சு புது ஆக்சுவேட்டர் கூரியர்ல வந்தது. ஓ-ரிங் உட்காரும் இடத்தைத் துடைச்சு, பல் பொருந்துற மாதிரி திருப்பி வச்சு, ரெண்டு திருகையும் முதல்ல கையால, அப்புறம் மேனுவல்ல சொன்ன டார்க் அளவுக்கு இறுக்கினோம். அண்ணனோட ஸ்கேனர்ல கேலிப்ரேஷன் ஓட்டி, பல தடவை போட்டு எடுத்துப் பார்த்தப்புறம்தான் மஞ்சள் விளக்கு அணைஞ்சது. அதுக்கப்புறமும் சரிவுல சோதிக்கும்போது அப்பா ஃபுட் பிரேக் மேலயே கால் வச்சிருந்தார்.

நீங்க செய்யலாமா? கேலிப்பர் வேலை தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருந்தா, உங்க மாடலுக்கான மேனுவல் கையில இருந்தா, செய்யலாம். பேட் மாத்துறது மட்டும்னா மோட்டாரைக் கழட்டவே வேண்டாம், மேன்டனன்ஸ் மோடு போதும். கேலிப்பர் வெளியே இருக்கும்போது ஸ்விட்சை மட்டும் யாரும் தொடக் கூடாது.

திருகைத் தொடும் முன்னாடி உங்களை நீங்களே ஒண்ணு கேளுங்க: இதை எடுத்துட்டா வண்டியை எது பிடிச்சிருக்கும்? பதில் சொல்ல முடிஞ்சா ஸ்பேனரை எடுங்க.