கயத்தாற்றுக் கற்குவியல்

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற நெடுஞ்சாலையில், கி.ராஜநாராயணன் பிறந்த இடைசெவலைத் தாண்டினால் கயத்தாறு. அங்கே நிற்கிற, பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனின் சிலையைப் பேருந்தில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். சிலை வந்தது 1970-ல்தான். அதற்கு நெடுங்காலம் முன்பே அங்கே ஒரு நினைவுச்சின்னம் இருந்தது. யாரும் திட்டம் போடவில்லை, யாரும் கல்வெட்டுப் பொறிக்கவில்லை. வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லாகப் போட்டு வளர்ந்த குவியல் அது.

முதலில் சேதி சொன்னவர்கள் ஆங்கிலேயர்கள். 1799 செப்டம்பரில் கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் கம்பத்தில் குத்தி வைத்தார்கள். பார்க்கிறவன் நடுங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்ட கட்டபொம்மன் விஷயத்திலும் அதே கணக்குதான். அக்டோபர் 16 அன்று கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மேன் மற்றப் பாளையக்காரர்களையெல்லாம் கயத்தாற்றுக்கு வரவழைத்து, அவர்கள் கண்ணெதிரே விசாரித்து, அன்றைக்கே தூக்கிலிட்டார். கட்டைப் புளியமரம் என்று ஜனங்கள் சொல்வது அவரைத் தூக்கிலிட்ட மரத்தைத்தான். கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்ற ஆணையும் பிறந்தது.

நடந்ததைப் பானர்மேனே மேலிடத்துக்குக் கடிதமாக எழுதினார். கட்டபொம்மன் உறுதியாக, துணிச்சலோடு நடந்து போனான். இரண்டு பக்கமும் நின்ற பாளையக்காரர்களை இகழ்ச்சியாகப் பார்த்தான். வாய்பேசாத தம்பியைப் பற்றி மட்டும்தான் கவலைப்பட்டான். கோட்டையை விட்டு வந்ததற்கு வருந்தினான். தூக்கிலிட்டவரின் கையெழுத்திலேயே இது இருக்கிறது. மிரட்டலுக்காகக் கூட்டிய கூட்டம் எதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் கல் விழ ஆரம்பித்தது. அந்த வழியாகப் போகிறவர்கள் மரத்தடியில் ஒரு கல்லைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பெரிய கல், கூழாங்கல், சரளை, கைக்கு அகப்பட்டது எதுவானாலும் சரி. ஆழக் கரிசலில் நடந்து வருகிறவனுக்குக் கல் லேசில் அகப்படாது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும் மண் அது. பருத்தியும் கம்பும் விளைகிற காடுகளைக் கடந்து வந்தவன் ஓடையிலோ பாதையோரத்திலோ ஒரு கல்லைத் தேடி எடுத்து, கையிலோ மடியிலோ சுமந்து வந்துதான் அங்கே போட வேண்டும். நினைப்பு இல்லாதவன் அதைச் செய்ய மாட்டான்.

வழியில் செத்தவர்கள் மேல் கற்களைக் குவிக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் பதுக்கைகள் என்ற பெயரில் அந்தக் குவியல்கள் அடிக்கடி வருகின்றன. மங்கோலியப் புல்வெளியிலும் வழிப்போக்கர்கள் கல் போட்டுக் கும்பிடுகிற குவியல்கள் உண்டு. கயத்தாற்றில் ஒரு வித்தியாசம்: கும்பினி தூக்கிலிட்டவனுக்கு, ஆங்கிலேயர் ஆண்ட காலத்திலேயே, பொதுச் சாலையோரத்தில் மரியாதை செய்தார்கள். ஒரு கல்லைப் போட்டதற்காக யாரைப் பிடித்து விசாரிப்பது?

கற்கள் குவிந்துகொண்டிருந்த காலத்தில் பாட்டும் பரவியது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பி வந்து, இடித்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பியதும், 1801 மே மாதம் அது மீண்டும் விழுந்ததும் கதைப்பாடலாகக் கரிசல் ஊர்களில் பாடப்பட்டன. பிற்காலத்தில் ஆய்வாளர் நா. வானமாமலை கட்டபொம்மு கதைப்பாடலைப் பதிப்பித்தார்.

1959-ல் பி.ஆர். பந்துலு இயக்கத்தில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் வந்தது. கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் அத்தோடு விடவில்லை. கயத்தாற்றில் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிச் சிலை வைத்தார். நடித்த பாத்திரத்துக்கு ஒரு நடிகர் இப்படிக் கடன் தீர்த்தது பெரிய காரியம். இப்போது அக்டோபர் 16 நெருங்கினால் சுவரொட்டிகள் முளைக்கின்றன. கட்சிகளும் அமைப்புகளும் மாலையோடு வருகின்றன. ஒவ்வொருவரும் அவரவர் சேதியை அந்தச் சிலை மேல் எழுதிப் பார்க்கிறார்கள்.

கட்டபொம்மன் கொள்ளைக்காரன் என்று எழுத்தாளர் தமிழ்வாணன் புத்தகமே எழுதினார். சினிமாதான் அவரை வீரனாக்கியது என்கிற பேச்சு இன்றும் ஓயவில்லை. வரி, சூறையாடல், எட்டயபுரம் பாளையத்தோடு பகை எல்லாவற்றையும் ஆவணங்களை வைத்து வாதிடட்டும், அது வேண்டியதுதான். ஆனால் சினிமா என்கிற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. கயத்தாறு சாலையோரக் கற்குவியல் 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் பதிவிலேயே ஏறிவிட்டது. அப்போது சினிமா என்ற ஒன்றே பிறக்கவில்லை.