கால்பங்கு வெளிச்சம்

அப்பாயி இறந்த அன்று, மாலை போட்டு வைக்க ஒரு படம் தேடினோம். என் மடிக்கணினியில் செட்டிகுளத்தில் எடுத்த படங்கள் மட்டும் நானூறுக்கு மேல் இருந்தன. முதல் சம்பளத்தில் வாங்கிய கேமரா. காதுகுத்து, கல்யாணம், வீடு குடிபோகிறது என்று எதையும் விட்டதில்லை. பல படங்களில் அப்பாயி இருந்தாள். ஒன்றில்கூட முகம் இல்லை.

எல்லாம் ஃபிளாஷ் போட்டு எடுத்தவை. முன்வரிசைக்காரர்களின் நெற்றி சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருக்கும். பின்சுவரில் சாமிப் படத்துக் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பொட்டு. நிலைப்படி ஓரமாக, இருட்டுக்குள், வெள்ளைச் சேலை ஒன்று மங்கலாகத் தெரியும். அதுதான் அப்பாயி.

காரணம் பள்ளிக்கூட இயற்பியல். ஃபிளாஷ் வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். ஒன்றரை மீட்டரில் நிற்பவருக்குக் கிடைப்பதில் கால்பங்குதான் மூன்று மீட்டரில் நிற்பவருக்கு. நாலரை மீட்டர் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அவள் ஏன் எப்போதும் மூன்று மீட்டர் தள்ளியே நின்றாள் என்பதை எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை. தாத்தா போனபிறகு நல்ல காரியங்களில் அவள் முன்னால் வந்ததே கிடையாது. ஒருமுறை கூப்பிட்டேன்.

"நீ எடுய்யா. இங்கருந்தே நான் தெரிவேன்ல?"

"தெரிவீங்க அப்பாயி" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

ஸ்டுடியோக்காரர் அந்தப் படத்தில் இருட்டைக் குறைத்துப் பார்த்தார். மணல் மணலாக வந்தது. "பதிவாகாததை எங்கருந்து தம்பி எடுக்கிறது?" என்றார். கடைசியில் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கினோம்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். எல்லோரையும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில், பிறைபோல வளைத்து நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் நாம் பின்னால் போய் ஜூம் செய்ய வேண்டும். மூன்று மீட்டர் நகர்ந்தால் முன்வரிசை நாலரை, பின்வரிசை ஆறு. இப்போது பின்வரிசைக்குப் பாதிக்கும் மேல் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, ஷட்டரை அறுபதில் ஒரு நொடிக்கு இறக்கினால் அறையின் வெளிச்சமும் உள்ளே வரும். மண்டபத்தின் வெள்ளைக் கூரையை நோக்கி ஃபிளாஷைத் திருப்பினால் முகத்தில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்காது. ஓட்டு வீட்டில் இது வேண்டாம், ஓட்டின் சிவப்பு முகத்தில் ஏறிவிடும். கையில் செல்போன்தான் என்றால் ஃபிளாஷை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்துவிடலாம்.

போன வருடம் அக்கா மகனுக்கு, கரும்பு பிடித்த முருகன் இருக்கும் எங்கள் மலையடிவாரத்தில் காதுகுத்து. அப்பா போன பிறகு வந்த முதல் விசேஷம். படத்துக்கு எல்லோரும் கூடியபோது அம்மா தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தாள்.

கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கையைப் பிடித்தேன். "விடுடா, பாக்குறாங்க" என்றாள். பார்த்தார்கள்தான். பெரியம்மா முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அக்கா ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தூக்கி அம்மா மடியில் வைத்தாள்.

முதல் படத்தில் அம்மா கண்ணை மூடிவிட்டாள். ஃபிளாஷ் கூச்சம். இரண்டாவதிலும் அப்படியே. யாரையும் கலையவிடாமல் மூன்றாவது எடுத்தேன்.