இரண்டு காசு

அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஊரில் கோயில் புதுப்பிக்கும் வேலைக்கு 10,000 ரூபாய் கொடுத்திருந்தார். அப்பா இறந்து ஆறு வருஷம். ஞாயிறு ஆராதனையில் ஐயர் அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி, பைபிளில் வரும் ஏழை விதவையோடு ஒப்பிட்டுப் பேசினாராம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாற்கு சுவிசேஷம் 12-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். சண்டே ஸ்கூலில் ஒப்பித்துப் பரிசு வாங்கிய கதைதான். எருசலேம் தேவாலயத்தின் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு உட்கார்ந்திருக்கிறார். பணக்காரர்கள் நிறையப் போடுகிறார்கள். ஒரு விதவை இரண்டு காசு போடுகிறாள். அன்றைய நாட்கூலியில் 64-இல் ஒரு பங்கு. இன்றைக்குக் கூலி 640 ரூபாய் என்றால், அது 10 ரூபாய்.

சண்டே ஸ்கூலில் அந்த நாலு வசனத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குச் சற்று முன்புதான், விதவைகளின் சொத்தை விழுங்கும் வேதபாரகர்களை இயேசு கண்டிக்கிறார். அடுத்த அதிகாரம் தொடங்கியதும், அந்தத் தேவாலயமே தரைமட்டமாகும் என்கிறார். கி.பி. 70-இல் ரோமர்கள் அதை இடித்தார்கள். இரண்டுக்கும் நடுவில் அவள் நிற்கிறாள். எல்லாரையும்விட அதிகம் போட்டவள் அவள்தான் என்கிறார் இயேசு. நீங்களும் இப்படிப் போடுங்கள் என்று சொல்லவில்லை. அது பாராட்டா, வேதனையா?

போனில் அம்மாவிடம் இதையெல்லாம் கொட்டினேன்.

"நீ சொல்லுதது சரியாவே இருக்கட்டும்லே. என்னைய எந்திரிக்கச் சொன்னது எனக்கும் பிடிக்கலதான். ஆனா ஒங்க அப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்போ, சபைக்காரங்கதான பதினஞ்சு நாள் சோறு கொண்டாந்தாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர் சொல்லிக்காட்டுனது கெடையாது."

நான் பேசவில்லை. அம்மாவே கேட்டார்: "நீ மாசாமாசம் காணிக்கை கவர்ல பேரு எழுதித்தான போடுத?"

ஆமாம். சபையின் ஆண்டறிக்கை வந்ததும் நான் முதலில் தேடுவது என் பெயரைத்தான். வலதுகை கொடுப்பது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்பதும் எனக்கு மனப்பாடம்.

போன மாதம் கம்மலை மீட்டுக் கொடுத்தேன். "யார்ட்டயும் சொல்லாதம்மா" என்றேன். அம்மா சொல்லவே இல்லை என்று பிறகு தெரிந்தபோது, உள்ளுக்குள் ஒரு சின்ன ஏமாற்றம். அதுதான் இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் போல.