5,600 ரூபாய் ரப்பரும் ஒரு பூரிக்கட்டையும்

சனிக்கிழமை சாயங்காலம். திருச்சியில் ஒரு விளையாட்டுப் பொருள் கடை. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், கண்ணாடி அலமாரிக்குள் இருந்த ஓர் உறையைக் காட்டி, "இதுதான்ப்பா" என்றாள். அப்பா விலையைப் பார்த்தார். 5,600 ரூபாய். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். அதே 5,600.

"டேபிள் டென்னிஸ் பேட் இவ்ளோ விலையா?"

"பேட் இல்லை சார், ரப்பர் மட்டும். அதுவும் ஒரு பக்கத்துக்கு" என்றார் கடைக்காரர்.

அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். மாதக் கடைசி வேறு. ஆனால், கிளப்பில் மகளோடு பயிற்சி எடுக்கும் பெண்ணின் பேட்டில் இரண்டு பக்கமும் இந்த ரப்பர்தான். "அவ அடிச்சா பந்து கண்ணுக்கே தெரிய மாட்டேங்குதுப்பா" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாவட்டப் போட்டிக்கு இன்னும் மூன்றே வாரம். பள்ளி நாளில் ஷூ இல்லாமல் ஓட்டப்பந்தயக் கோட்டில் நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. கிரெடிட் கார்டை நீட்டிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா கேட்டா ஆயிரத்து ஐந்நூறுன்னு சொல்லு" என்றார்.

கடைக்காரரே ஃபோர்ஹேண்ட் பக்கத்தில் ரப்பரை ஒட்டிக் கொடுத்திருந்தார். மறுநாளிலிருந்து தொடங்கியது வினை. அடித்த பந்தெல்லாம் மேஜையைத் தாண்டிப் போனது. எதிராளியின் சர்வீஸுக்குப் பேட்டைச் சும்மா நீட்டினாலே பந்து எகிறியது. போன மாதம் சுலபமாக ஜெயித்த பையனிடம் மூன்று செட்டும் தோற்றாள். முப்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கோச், "புது ரப்பர், பழகிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

பத்தாவது நாள் ராத்திரி, பேட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "எனக்கு டேபிள் டென்னிஸ் வரலைப்பா. அவ்ளோ காசு போட்டும் வரலை. விட்டுடலாம்."

பணம் போனதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நாலு வருஷமாகச் சாயங்காலமானால் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை, 'வரலை' என்று சொன்னதுதான் தூங்கவிடவில்லை.

அந்தக் கிளப்புக்குத் தினமும் ஆட வருபவர்களில், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் 'தாத்தா'. மறுநாள் அப்பா பேட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். பெரியவர் கட்டைவிரலால் ரப்பரை அழுத்திப் பார்த்தார். பந்தை அதன் மேல் நாலு தட்டு தட்டினார்.

"அருமையான ரப்பர் தம்பி. ஆனா, இது வேற கைக்குச் செஞ்சது" என்றார்.

ரப்பர் என்று பொதுவாகச் சொன்னாலும், அதில் இரண்டு அடுக்கு இருக்கிறது. மேலே பந்து படும் ரப்பர் தாள், அடியில் ஸ்பாஞ்ச். மேல்தாள் பந்தைப் பிடித்துச் சுழற்றும். ஸ்பாஞ்ச் அதை முன்னே தள்ளும். விலை உயர்ந்த ரப்பர்களில் பெரும்பாலும் அந்த ஸ்பாஞ்ச்தான் விசேஷம். பந்தை உள்வாங்கி, உண்டிவில் மாதிரி எறியும். தினமும் பல மணி நேரம் ஆடி, கையை முழுசாக வீசத் தெரிந்தவருக்கு அது வரம். பேட்டை எவ்வளவு சாய்ப்பது என்று இன்னும் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அப்படியல்ல. அவள் செய்யும் சின்னத் தப்பைக்கூட அந்த ஸ்பாஞ்ச் பெரிதாக்கி மேஜைக்கு வெளியே எறிந்துவிடும்.

பக்கத்தில் தலைகுனிந்து நின்ற மகளிடம் பெரியவர் ஒரு கதை சொன்னார். 1952-ல் பம்பாயில் உலக டேபிள் டென்னிஸ் சாம்பியன்ஷிப் நடந்தது. அதுவரை பெரும்பாலோர் கையில் இருந்தது முள்முள்ளாக இருக்கும் மெல்லிய ரப்பர். அடித்தால் 'டொக், டொக்' என்று கேட்கும். ஜப்பானிலிருந்து வந்த ஹிரோஜி சாட்டோவின் பேட்டிலோ தடிமனான ஸ்பாஞ்ச். சத்தமே இல்லை. பந்து எந்த வேகத்தில் வருகிறது என்று புரியாமல் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் திணறினார்கள். சாட்டோ உலக சாம்பியன் ஆனார்.

"அப்ப ரப்பர்தானே தாத்தா ஜெயிச்சுது?"

"அந்த வருஷம் ரப்பர் ஜெயிச்சுது. அப்புறம் எல்லாரும் ஸ்பாஞ்சை எடுத்துட்டாங்க. சாட்டோ மறுபடி ஒற்றையர் சாம்பியன் ஆகவே இல்லைம்மா."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் அதே கடைக்குப் போனார்கள். இந்த முறை பார்த்தது அலமாரியின் கீழ்த்தட்டை. ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் சீன ரப்பர்கள்: ஃப்ரெண்ட்ஷிப் 729, யின்ஹே மெர்க்குரி 2. பெரியவர் மாதிரிக்கு வைத்திருந்த ஒரு பேட்டை வாங்கி, பந்தின் மேல் அழுத்தித் தூக்கினார். ஒரு நொடி பந்து ரப்பரோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்து, விழுந்தது. மகள் வாயைப் பிளந்தாள்.

"இந்த ஒட்டுதல்லதான் ஸ்பின் வரும். ஆனா வேகம் தானா வராது, நீதான் கையை வீசணும். அப்படித்தான் ஸ்ட்ரோக் படியும்."

மலிவாக இருப்பதெல்லாம் பொருந்திவிடும் என்றும் இல்லை. கடைக்காரர், "சீன டீம் ஆளுங்க போடுறது" என்று டபுள் ஹேப்பினஸ் கம்பெனியின் ஹரிக்கேன் 3-ஐ எடுத்து நீட்டினார். பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அதன் ஸ்பாஞ்ச் கடினமானது. பலமாக வீசாத கைக்குப் பந்து கல்லில் பட்ட மாதிரி இருக்கும். மென்மையானதோ நடுத்தரமானதோ, ஸ்பாஞ்ச் 1.8 முதல் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அவளுக்குப் போதும் என்றார். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கு, 1969-லிருந்து விற்பனையில் இருக்கும் யாசகா மார்க் வி போன்ற பழைய ரகங்கள் இருக்கின்றன.

அபார்ட்மென்டிலும் ஆபீஸிலும் பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு இதைவிட மெல்லிய ஸ்பாஞ்ச், 1.5 மில்லிமீட்டர் இருந்தாலே நன்றாகக் கட்டுப்படும். கிளப்பில் போட்டிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரப்பரின் அடி ஓரத்தில் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனத்தின் முத்திரை இருக்க வேண்டும். ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு போன்ற பளிச் நிறம். ரப்பர், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

இரண்டு ரப்பரும் சேர்ந்து 1,950 ரூபாய் ஆனது. அந்த 5,600 ரூபாய் ரப்பரைப் பெரியவர் கிழியாமல் உரித்து, தினமும் கிளப்பில் ஆடும் ஒரு கல்லூரி மாணவனிடம் 3,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார். "வெச்சிருந்தா காய்ஞ்சு வீணாத்தான் போகும். அவன் கைக்கு அது சரியா இருக்கும்" என்றார்.

புது ரப்பரை வீட்டிலேயே ஒட்டினார்கள். வெள்ளைப் பசையை ஸ்பாஞ்சிலும் மரத்திலும் மெல்லிசாகத் தடவி, அது கண்ணாடி மாதிரி காயும் வரை காத்திருந்து, காற்றுக் குமிழ் வராமல் பதிக்க வேண்டும். உருட்டி அழுத்த எதுவும் அகப்படாமல், அப்பா அடுக்களையிலிருந்து பூரிக்கட்டையை எடுத்து வந்தார். பின்னாலேயே அம்மாவும் வந்தாள்.

"ஏங்க, அன்னிக்குத்தானே ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினீங்க? மறுபடியுமா?"

அப்பா பூரிக்கட்டையை உருட்டுவதை நிறுத்தினார். "ஆயிரத்து ஐந்நூறு இல்லைம்மா..."

"5,600. கார்டு மெசேஜ் என் போனுக்குத்தான் வருது. நீங்களா எப்ப சொல்வீங்கன்னு பார்த்துட்டிருந்தேன்" என்றாள். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் பேட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மாவட்டப் போட்டியில் முதல் சுற்றில் ஜெயித்தாள். இரண்டாவது சுற்றில், அந்த விலை உயர்ந்த ரப்பர் தோழியிடம் ஐந்தாவது செட் வரை போய் 9-11 என்று தோற்றாள். பந்து மேஜையில் விழுந்தது. தோற்றது எங்கே என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "பேக்ஹேண்ட் சர்வீஸ்லதான்ப்பா மூணு பாயின்ட் விட்டேன்" என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத் துணியால் ரப்பரைத் துடைத்தாள். தூசி படியாமல் பிளாஸ்டிக் தாளை மேலே ஒட்டினாள். வெயில் படாத அலமாரித் தட்டில் பேட்டை வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அடுத்த போட்டி எப்பப்பா?"