வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

சைக்கிள் ஓட்டுவது ஆபத்தானதா என்று பண்பொழியில் கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். அறுபதைத் தாண்டியவர்கள் சிரிப்பார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் ஆமாம் என்பார்கள். இரு சாராரும் ஒரே ஊர்க்காரர்கள், ஒரே சாலையைப் பார்ப்பவர்கள். முன்னவர்கள் வயலுக்கும் சந்தைக்கும் வாழ்நாளெல்லாம் சைக்கிளில் போய்வந்தவர்கள். பின்னவர்கள் சைக்கிளை விட்டு இருபது வருடமாகிறது. ஓட்டியவர்களுக்கு இல்லாத அச்சம் ஓட்டாதவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் இருவரும் சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறோம். யோசிக்கவேண்டிய கட்டாயமும் ஏற்பட்டது. பதினோராம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள், பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டியை வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு, இனிமேல் இதில்தான் பள்ளிக்கூடம் போவேன் என்று அறிவித்துவிட்டாள்.

பள்ளி செங்கோட்டையில் இருக்கிறது. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். பேருந்து இருக்கிறது, 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் காலையில் அந்தப் பேருந்து வரும் நிலையையும், மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்து அவள் காத்து நிற்கவேண்டிய நேரத்தையும் அவள் எங்களைவிட நன்றாக அறிவாள். வீட்டில் ஆச்சிதான் முதலில் எதிர்த்தார். "இம்புட்டு லாரி போற ரோட்டுல பிள்ளய சைக்கிள்ல விடுதியளே, மனசு எப்பிடி வருது உங்களுக்கு?" என்றார். இந்தக் கேள்வியைப் பழைய தலைமுறையின் பயம் என்று ஒதுக்கிவிட எங்களால் முடியவில்லை. ஒழுங்காகப் பதில் சொல்லவேண்டிய கேள்வி என்றே தோன்றியது.

தமிழ்நாட்டில் சைக்கிளுக்கும் பெண்களுக்கும் உள்ள உறவு சாதாரணமானதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பேருந்துக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திராமல் ஒரு பெண் தான் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போய்வர முடிந்தது என்பதே அதன் பொருள். பின்னர் 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கென்று தொடங்கிய மிதிவண்டித் திட்டம், சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவருக்குமாக விரிந்தது. ஆகவே எங்கள் முற்றத்தில் நின்ற அந்த வண்டியை வேண்டாம் என்று சொல்வது ஓர் இரும்புச் சாமானை மறுப்பதோடு முடியக்கூடிய காரியமாக இல்லை.

எண்களைப் பார்த்தோம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் மோட்டார் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் 44 சதவீதத்துக்கும் மேல். நடந்து சென்றவர்கள் ஏறத்தாழ 20 சதவீதம். சைக்கிளில் சென்றவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம். அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுக்குள் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இங்கே இறந்தவர்கள் 17,884 பேர்.

மூன்று சதவீதம்தானே என்று நிம்மதி கொள்ளலாமா? கூடாது என்று நினைக்கிறோம். இந்தப் பட்டியல் இறந்தவர்களை எண்ணுகிறது. எத்தனை பேர், எவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்டினார்கள் என்பதை எண்ணுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. ஆனால் வீட்டில் இருப்பது வேறு, சாலையில் ஓடுவது வேறு. எங்கள் தெருவிலேயே சாய்ப்பில் சாத்திவைக்கப்பட்டு, டயர் வெடித்து, செயினில் துரு ஏறிய சைக்கிள்கள் எத்தனையோ உண்டு. ஓட்டுபவர்கள் குறைந்தால் சாவும் குறைந்ததாகத்தான் கணக்கில் தெரியும். கிணற்றில் யாரும் இறங்காததால் கிணற்றில் ஆழம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இன்னும் சைக்கிளில் போகிறவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளிவாகும். விடிவதற்கு முன்னால் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் முதியவர், பால் கேன்களை இருபுறமும் தொங்கவிட்டுச் செல்பவர், தேங்காய் வெட்டப் போகிறவர், பீடிக்கட்டுகளைக் கடையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் பெண். பெரும்பாலும் இருட்டிலோ மங்கலிலோ போகிறவர்கள். டைனமோ விளக்கு இல்லாமல் ஓட்டினால் போலீஸ்காரர் பிடிப்பார் என்ற காலம் போய், விளக்கே இல்லாத சைக்கிள்களின் காலம் வந்துவிட்டது. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில், மத்தளம்பாறையில் இருந்துகொண்டு பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றை நடத்திய ஸ்ரீதர் வேம்பு கிராமத்துச் சாலைகளில் சைக்கிளில் போகும் படங்கள் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தன. நல்ல விஷயம்தான். அதே சாலைகளில் அதே நேரத்தில் போய்க்கொண்டிருந்த பால்காரரை யாரும் படம் எடுத்ததாகத் தெரியவில்லை. வசதி உள்ளவர் ஓட்டினால் உடற்பயிற்சி, இல்லாதவர் ஓட்டினால் இல்லாமை என்றாகிவிட்ட பிறகு, சாலை போடுகிறவர்களின் கணக்கில் சைக்கிள்காரர் இடம்பெறாமல் போனதில் வியப்பில்லை.

மகள் போகவேண்டிய வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பழைய சைக்கிள்களில் போய்ப் பார்த்தோம். ஏழு கிலோமீட்டரும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல என்பதுதான் அன்று கண்டுகொண்ட முதல் உண்மை. பெரும்பகுதி வயலும் தோப்புமான சாலை. அங்கே எங்களுக்கு எதிரி சாலையின் விளிம்புதான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தாரை ஊற்றி ஊற்றிச் சாலை உயர்ந்துகொண்டே போகிறது. ஓரத்து மண் அப்படியே கிடக்கிறது. வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் சில இடங்களில் அரை அடிப் பள்ளம். பின்னால் ஹாரன் அடிக்கும் வாகனத்துக்கு வழிவிட அந்த விளிம்பில் இறங்கும் சைக்கிள் மறுபடி மேலே ஏறாது. முன்சக்கரம் விளிம்பில் உரசி, ஆளைச் சாலையின் பக்கமாகவே தள்ளிவிடும். ஓரமாகப் போ என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரை இந்த இடங்களில் ஆபத்தான அறிவுரை. விளிம்பிலிருந்து ஒரு கை அகலம் உள்ளே தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுவதுதான் பாதுகாப்பு.

இரண்டாவது விஷயம் காற்று. குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன், ஜூலை மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை இந்தப் பக்கத்து மக்கள் அறிவார்கள். பண்பொழியிலிருந்து தெற்கே செங்கோட்டைக்குப் போகையில் அந்தக் காற்று வலப்பக்கம் அடிக்கும். சைக்கிள்காரர் தன்னை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து காற்றைத் தாங்கி ஓட்டுவார். அப்போது ஒரு லாரி வலப்பக்கமாக முந்தினால், அது சுவர்போல நின்று ஒரு கணம் காற்றை முழுவதும் மறைத்துவிடும். தாங்குவதற்குக் காற்று இல்லாத உடம்பு சாய்ந்த பக்கமே, அதாவது லாரியின் பக்கமே, விழப் பார்க்கும். லாரி கடந்ததும் காற்று மறுபடி வந்து அறையும். திரும்பி வரும்போதோ இடப்பக்கக் காற்று சைக்கிளைச் சாலை நடுவுக்குத் தள்ளும். குற்றாலச் சாரலை ரசித்து எழுதியவர்கள் ஏராளம். அதில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிறவர்களுக்கு அது வேறொரு பாடம்.

மூன்றாவது, கடைசி ஒரு கிலோமீட்டர். செங்கோட்டைக்குள் நுழைகையில் திருமங்கலத்திலிருந்து கொல்லம் வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744 வந்துவிடுகிறது. எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் பல சக்கர லாரிகள், சபரிமலைக் காலத்தில் இரவெல்லாம் விழித்து ஓட்டும் வேன்கள், சீசனில் அருவிக்கு விரையும் கார்கள் எல்லாம் கலக்கும் இடம் அது. 2024 ஜனவரியில் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பிய ஆறு இளைஞர்கள் இதே நெடுஞ்சாலையில், புளியங்குடி அருகே, கார் லாரியோடு மோதி இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ 2 சதவீதமே ஆன தேசிய நெடுஞ்சாலைகளில்தான் 2022இல் 36 சதவீத மரணங்கள் நிகழ்ந்தன. மொத்த மரணங்களில் எழுபது சதவீதத்துக்கும் மேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை. வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று எங்கள் மகள் இயற்பியல் நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் காயத்தோடு போவது அறுபதில் உயிரோடு போய்விடும்.

ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் வண்டியை முடுக்கக் கொடுத்தபோது இதைப் பேசினோம். எந்தப் புதுச் சைக்கிளையும் ஒருமுறை கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை சரிபார்த்துத்தான் ஓட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. "சைக்கிள் தன்னால விழுந்தா முட்டி பேரும், ரிம்மு கோணும். அத நான் சரி பண்ணிருவேன். சரி பண்ண முடியாத வண்டியெல்லாம் வேற ஒண்ணு வந்து அடிச்ச வண்டிதான்" என்றார். எங்களுக்கு இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது.

அப்படியானால் விட்டுவிடலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொடுங்கள் என்றார்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது சட்டப்படி முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ஆனாலும் எங்கள் ஊரில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேராக ஸ்கூட்டரில் பறக்கிறார்கள். சைக்கிளுக்குப் பயப்படும் வீடுகளே அந்தச் சாவியைக் கையில் கொடுக்கின்றன. இறந்தவர் பட்டியலில் பாதியை நெருங்குவது எந்த வாகனம் என்பதை மேலே பார்த்தோம்.

வெளிநாட்டு ஆய்வுகள் சொல்வதையும் கவனிக்கவேண்டும். 2010இல் ஹார்டோக் முதலிய டச்சு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். காரை விட்டுச் சைக்கிளுக்கு மாறுபவரின் ஆயுள் உடலுழைப்பால் 3 முதல் 14 மாதம் கூடுகிறது; விபத்தால் குறைவது 5 முதல் 9 நாள்தான். கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் அது நெதர்லாந்துச் சாலையின் கணக்கு. அந்தச் சாலையும் தானாக வந்ததல்ல. 1971இல் அந்தச் சிறிய நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள்; நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்ற பெயரிலேயே பெற்றோர்கள் இயக்கம் நடத்தித் தெருவில் அமர்ந்தார்கள். சைக்கிளுக்குத் தனிப்பாதையும் தெருக்களில் வேகக் குறைப்பும் அதன் பிறகு வந்தவை. பீட்டர் ஜேக்கப்சன் 2003இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது: சைக்கிள்காரர் எண்ணிக்கை இருமடங்கானால் ஒவ்வொருவருக்குமான ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பாதுகாப்பான இடத்தில்தான் பலர் ஓட்டுவார்கள் என்று இதைத் திருப்பியும் வாதிடலாம். எனினும் எங்கள் ஊர்ப் பெரியவர்களின் சிரிப்புக்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. அவர்கள் ஓட்டிய காலத்தில் சாலை சைக்கிள்காரர்களுடையதாக இருந்தது; பேருந்து ஓட்டுநர் அவர்களை எதிர்பார்த்தே வளைவில் திரும்பினார். இன்று எதிர்பார்க்கப்படாதவராக ஆனதுதான் சைக்கிள்காரருக்கு நேர்ந்த பெரிய ஆபத்து. பயந்து ஒருவர் விலகும்போது, மிச்சமிருக்கும் பால்காரருக்கு ஆபத்து இன்னும் கொஞ்சம் கூடுகிறது.

ஆச்சிக்கு நாங்கள் சொன்ன பதில் இது. பிள்ளை சைக்கிளில் போவாள். தெருவில் அதே வண்டி கிடைத்த இன்னும் மூன்று பெண்களின் வீட்டில் பேசி, நால்வரும் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்து போவதாக ஏற்பாடு. பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் முன்னால் விளக்கும் உண்டு. சாரல் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் பேருந்து. நெடுஞ்சாலை வந்ததும் இறங்கி, உருட்டிக்கொண்டு கடக்கவேண்டும். உட்தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போகவேண்டும். சாலை ஓரப் பள்ளத்துக்கு மண் நிரப்பக் கேட்டு நான்கு வீட்டாரும் கையெழுத்திட்டு உரிய அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். ரசீது தந்தார்கள், மண் இன்னும் வரவில்லை. மறுபடியும் கொடுக்கவிருக்கிறோம்.

ஆபத்தே இல்லை என்று ஆச்சியிடம் நாங்கள் சொல்லவில்லை. அவரும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. மாலை ஐந்தரைக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, நான்கு மணிச் சத்தமும் கேட்கிறதா என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது மணிக்கும் நான்காவது மணிக்கும் நடுவில் நாங்களும் எண்ணுகிறோம்.