வேட்டியின் மேல் ஒட்டிய ஓவியம்: மதுரையிலிருந்து ஒரு கடிதம்

மேலமாசி வீதி, மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

ஆண்களின் ஆடைக்காக வரையப்பட்ட பழைய விளம்பரப் படங்கள் இன்று உலக ஏலக்கூடங்களில் ஓவியங்களாகவே மதிக்கப்படுகின்றன என்பதும், அம்மதிப்புக்குப் பெரிதும் காரணமானவர் அமெரிக்க ஓவியர் ஜே. சி. லைண்டெக்கர் (1874–1951) என்பதும் தாங்கள் அறிந்தவையே. சட்டையிலிருந்து தனியே கழற்றி மாட்டக்கூடிய காலர்களை விற்ற ஏரோ நிறுவனத்துக்காக 1905 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு அவர் வரைந்த இளைஞன், கூரிய தாடையும் அலட்சியப் பார்வையும் உடையவனாய், ஒரு தலைமுறை ஆண்களுக்குத் தோற்றத்தின் இலக்கணமாக விளங்கினான். அதே ஓவியர் பத்திரிகை அட்டைக்கென வரைந்த ஓர் ஓவியம் 2021இல் 40 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. அந்த அளவுகோலைக் கையில் கொண்டு மதுரைக்கு வரும் சேகரிப்பாளர் ஏமாற்றமே அடைவார். தையலற்ற வேட்டிக்கு வெட்டும் இல்லை, அளவெடுப்பும் இல்லை. நாலு முழமோ எட்டு முழமோ, கட்டுகிறவரின் பழக்கத்துக்கேற்ப அமையும் ஒரு துணியை, உடுத்தினால் இவ்வாறு தோன்றலாம் என்று ஓர் ஆணின் உருவத்தை வரைந்து காட்டி விற்பதற்கு அதிகம் வழியில்லை. ஆகவே இவ்வூர் விளம்பரப் படம் மனிதனை விட்டுவிட்டுத் துணியின் மேலேயே ஏறி ஒட்டிக்கொண்டது.

ஜவுளி வணிகர் லேபிள் என்றும் மார்க் என்றும் குறிப்பிடும் வண்ணச் சீட்டே இங்கு தேட வேண்டிய பொருளாகும். மான்செஸ்டரிலும் கிளாஸ்கோவிலும் நெய்யப்பட்டு, கிளாஸ்கோ மல் போன்ற பெயர்களில் தமிழகக் கடைகளுக்கு வந்த வேட்டித் துணியின் மேல்மடிப்பில், உள்ளங்கை அகலம் முதல் புத்தகப் பக்க அளவு வரையிலான இச்சீட்டுகள் பசையிட்டு ஒட்டப்பட்டன. அவை கல்லச்சு முறையில் அச்சானவை. அதாவது, எண்ணெய்ப் பசையுள்ள மையால் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின் மேல் படத்தை எழுதி, கல்லை நீரால் நனைத்து, நீர் ஒட்டாத கோடுகளில் மட்டும் மை பிடிக்கச் செய்து தாளில் ஒற்றி எடுக்கும் முறை அது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டியிருந்ததால், மயில்மேல் அமர்ந்த முருகன் ஒருவரை அச்சிடவே பல கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மயிரிழை பிசகாமல், ஒரே தாளின் மேல் பொருந்தி இறங்க வேண்டும். அதன்பின் பொன்மை பூசுதலும் புடைப்பு அச்சும் உண்டு. விற்றவுடன் கிழித்தெறியப்படக்கூடிய ஒரு தாளுக்கு இத்தனை உழைப்பா என்று வியப்பவர், அச்சீட்டு செய்த வேலையை எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் யானை மார்க், கிளி மார்க் என்று கேட்டு வாங்கியபோது, நூலின் தரத்துக்கும் துணியின் நீளத்துக்கும் அந்தப் படமே பிணையாக நின்றது. 1875இல் பிரிட்டனில் வணிகக் குறிகளைப் பதிவு செய்யும் சட்டம் வந்தபின், ஒரு வணிக நிறுவனம் பதிந்துகொண்ட கஜலட்சுமியை மற்றொன்று எடுத்தாள இயலாமற்போயிற்று. பதிந்த படத்தை மாற்றினால் வாடிக்கையாளரை இழக்க நேரும் என்பதால் ஒரே படம் நெடுங்காலம் மீண்டும் மீண்டும் அச்சானது என்பதும், ஆகவே படத்தின் பாணியை மட்டும் வைத்துச் சீட்டின் வயதைக் கணிப்பது தவறாகலாம் என்பதும் சேகரிப்பாளர் மனங்கொள்ளத்தக்கவை.

இக்கடிதம் எழுதப்படும் மேலமாசி வீதிக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று, இவ்வீதி வீடொன்றில் தங்கியிருந்த காந்தியடிகள், கதர் வாங்க வசதியற்றவர்களைக் கருதிச் சட்டையையும் நீண்ட வேட்டியையும் துறந்து அரையாடைக்கு மாறினார். முதலில் அக்டோபர் இறுதிவரை என்றே வரையறுத்த அவ்விரதம் வாழ்நாள் கோலமாக நிலைத்தது. அயல்துணி எரிக்கப்பட்ட அக்காலத்தில் அதன் மேலிருந்த கடவுளரும் சேர்ந்து எரிந்திருக்கத்தான் வேண்டும். அதன்பின் இந்திய ஆலைகளின் சீட்டுகளில் இராட்டையும் பாரதமாதாவும் காந்தியடிகளும் இடம்பெறலாயினர். அச்சு நேர்த்தியில் மான்செஸ்டர் சீட்டுகளே உயர்ந்தவை என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், வண்ணம் கோட்டுக்கு வெளியே கசிந்து நிற்கும் சுதேசிச் சீட்டுகளில் உள்ள துடிப்பு அவற்றில் இல்லை என்பது என் துணிபு. சட்டையைத் துறந்த ஒருவரின் உருவமே துணி விற்கும் படமாயிற்று என்ற முரண் வேறெந்த நாட்டு ஆடை விளம்பரத்திலும் இவ்வளவு கூர்மையாகக் கிட்டுமா என்பது ஐயமே.

இரயில் நிலையத்தை அடுத்துள்ள ஹார்வி ஆலை, அதாவது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் நிறுவிய மதுரா மில்ஸ், கதையின் மறுமுனையைக் காட்டுகிறது. கைத்தறிகளுக்கு நூல் தந்த இந்நிறுவனம் 1974இல் கோட்ஸ் நூல் நிறுவனத்துடன் இணைந்து மதுரா கோட்ஸ் ஆகி, 1989இல் லூயி ஃபிலிப், 1990இல் வான் ஹூசன், 1993இல் ஆலன் சாலி ஆகிய ஆயத்தச் சட்டைகளைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அந்த ஆடைத்துறை பின்னர் ஆதித்ய பிர்லா குழுமத்தின் வசமாயிற்று. வெட்டும் அளவும் உள்ள ஆணாடை மதுரையின் பெயரைத் தாங்கி வந்த அந்நேரத்தில் விளம்பரம் முற்றிலும் புகைப்படத்தின் கைக்குப் போயிருந்தது. லைண்டெக்கருக்கு நிகரான ஓவியர் இங்கு தோன்றாமற்போனதற்குத் திறமைக் குறைவு காரணமன்று. சட்டை வந்த காலமே காரணம்.

மதுரைக்குத் தெற்கே, கோவில்பட்டியில், திறமை நிறையவே இருந்தது. நாடகக் குழுக்களுக்குத் திரை எழுதிய சி. கொண்டையராஜு (1898–1976) அங்கு நிலைகொண்டு, தம் மாணவர்களுடன் வரைந்த தெய்வப்படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாயின. மேலே படம், கீழே தேதித்தாள், நடுவே கடைப்பெயருக்கு இடம் என்று அமைந்த அந்நாட்காட்டிகளை ஜவுளிக் கடைகள் வாடிக்கையாளருக்கு ஆண்டுதோறும் அளித்தன. வீட்டில் கடைப்பெயரை வெட்டியெறிந்து படத்தைச் சட்டமிட்டுப் பூசையறையில் மாட்டுவதே வழக்கமாதலால், பெயரோடு முழுமையாகக் கிடைக்கும் ஜவுளிக்கடை நாட்காட்டியே இன்று அரிது.

சீட்டுகளைக் கண்ணால் காண விழைவோர்க்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள் ஏற்றவை. எனாமல் விளம்பரப் பலகைகளுக்கு அங்குள்ள மதிப்பு தாளுக்கு இல்லை என்பது வாங்குவோர்க்கு நன்மையே. அருகிலுள்ள கோட்டையூரில்தான், பெயர்ப்பலகை எழுதும் தொழிலிலிருந்து வந்த ரோஜா முத்தையா செட்டியார், நூல்களோடு பிறர் குப்பையெனக் கருதிய துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் திரட்டினார். அவர் மறைவுக்குப்பின், 1994இல், அத்தொகுப்பு சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. 2025இல் பெங்களூருவின் மேப் அருங்காட்சியகம் துணிச்சீட்டுகளுக்கெனவே ஒரு கண்காட்சி நடத்தியபின் விலை பற்றிய பேச்சும் போலிகளும் பெருகக்கூடும். உருப்பெருக்கியின் கீழ், கல்லச்சில் கையால் இட்ட புள்ளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். பிற்கால ஆஃப்செட் மறுபதிப்பில் அவை வரிசை தவறாத வலைபோல் நிற்கும். கடைக்காரர் லேமினேட் செய்து தர முன்வந்தால் மறுத்துவிடுதல் நலம், ஏனெனில் அவ்வுறையைப் பின்னர் பிரிக்க இயலாது. வணிகரின் பெயரோ, துணியின் கெஜக் கணக்கோ, பழைய பசையில் சிக்கிய நூலிழையோ எஞ்சியுள்ள சீட்டு, அழுக்கேறியிருப்பினும், ஓரம் வெட்டிச் சட்டமிட்ட தூய சீட்டைவிட மேலானது.

அன்புடன்,
மதுரைப் பயணி