லயத்து வாசலில் பார்த்த சுவாதி

சென்ற ஆனி மாதம் மகனைப் பார்க்கச் சிகாகோ போயிருந்தேன். "அப்பா, நீங்கள் சின்ன வயதிலிருந்தே வானம் பார்க்கிறவர். ஓர் இடம் காட்டுகிறேன்" என்று சொல்லி, வில்லியம்ஸ் பே என்ற ஏரிக்கரைச் சிற்றூருக்குக் காரில் அழைத்துப் போனான்.

அங்கேதான் 1897ஆம் ஆண்டு திறக்கப்பட்ட யெர்கீஸ் வானாய்வுக்கூடம் இருக்கிறது. குவிமாடத்துக்குள் நுழைந்ததும் மலைத்துப் போனேன். 40 அங்குல அகலமுள்ள கண்ணாடி வில்லை! தொலைநோக்கியின் கண் இருக்கும் உயரத்துக்கு ஏற்ப, மரத்தளமே ஆட்களோடு மேலும் கீழும் போகிறது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937இல் இங்கு வந்து பல ஆண்டுகள் பணியாற்றினார். நட்சத்திரங்களின் அமைப்பையும் வாழ்வையும் ஆராய்ந்ததற்காக 1983இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

1933இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தது. அதன் விளக்குகளை ஏற்ற ஒரு நட்சத்திரத்தின் ஒளியை இந்தத் தொலைநோக்கியில் பிடித்து, மின்சாரமாக்கி, கம்பி வழியே அனுப்பினார்களாம். 1893இல் நடந்த முந்தைய கண்காட்சியின்போது புறப்பட்ட ஒளி, 40 ஆண்டு பயணம் செய்து வந்து சேருகிறது என்பது அன்றைய கணக்கு. உண்மையில் அதன் தொலைவு ஏறத்தாழ 37 ஒளியாண்டு என்று பின்னர் தெரிந்தது.

இருட்டிய பிறகு ஏரிக்கரையில் மகன் அந்த நட்சத்திரத்தைக் காட்டினான். உச்சிக்குச் சற்றுத் தெற்கே, ஆரஞ்சு நிறத்தில் நின்றது. "ஆர்க்டூரஸ்" என்றான். எனக்கோ உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. நம் சுவாதி!

மாசி மாதத்தில் பெரட்டுக்குக் கிளம்பும் முன், காண்டா வாளியோடு அம்மா லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "அதோ சுவாதி. அது பெய்யும் மழைத்துளிதான் சிப்பிக்குள் முத்தாகும்" என்பார். அங்கே அது உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும்.

சுவாதி வயதான நட்சத்திரம். சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டு. இதற்கோ சுமார் 700 கோடி. உள்ளே எரிபொருள் குறைந்ததும் உடல் பருத்து, சூரியனைப்போல் 25 மடங்கு அகலமாகிவிட்டது. மேற்பரப்பின் வெப்பமும் சூரியனின் 5,500 பாகையிலிருந்து குறைந்து, 4,000 பாகை அளவில் நிற்கிறது. அதனால்தான் ஆரஞ்சு நிறம். நம் சூரியனுக்கும் ஒருநாள் இதே முதுமை வரும்.

அன்றிரவு நான் கண்ட ஒளி 37 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. அப்போது அம்மா பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பிறகு தோட்டம் கைமாறியது. லயங்களை இடித்தார்கள். அம்மாவைப் புதைத்த இடமும் வீடமைப்புப் பகுதிக்குள் போய்விட்டது. நினைவு நாளில் ஒரு விளக்கேற்றி வைக்க எனக்கு இடமில்லை என்பது நெடுநாள் மனக்குறை.

சுவாதிக்குச் சோதி என்றும் ஒரு பெயர் உண்டு. ஏரிக்கரையில் அந்தச் சோதியைப் பார்த்துக் கைகூப்பினேன். மகன் ஒன்றும் கேட்கவில்லை; அவனும் கைகூப்பினான்.

பெற்றோர்களே, ஆனி மாதம் இரவு ஒன்பது, பத்து மணிக்கு வடக்கே சப்தரிஷி மண்டலத்தைத் தேடுங்கள். அதன் வால் வளையும் திசையிலேயே கண்ணை ஓட்டினால் சுவாதி தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். உங்களுக்கு அதைக் காட்டியவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.